இடையன் சொல்லாமல் விட்டது

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மேடையில் ஏறினால் எனக்கு வாய் நீளும், பிறகு யாராலும் இறக்க முடியாது. ஆகவே எழுதித் தருகிறேன். பென்சன் எடுத்தவளின் புலம்பல் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கடைசிவரை வாசியுங்கள்.

இருபத்தாறு வருடம் இந்த வேலை செய்தேன். அதற்கு முன், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடி பெட்டி அடைத்தேன். கால் வீங்கினது மிச்சம். டொச், அதாவது ஜெர்மன் மொழி, கொஞ்சம் பிடிபட்டதும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று எங்கள் ஆட்களுக்காக வாய் வாடகைக்கு விட்டேன். சோலோதுர்னில் ரயில் ஏறி, ஓல்டனில் மாறி, ஒரு கோப்பியும் ஒரு பாணும் கையில் வைத்துக்கொண்டு ஓடிய அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு குளிர்கிறது. இப்போது வீட்டில் கோப்பி ஆறிப் போகும்வரை இருக்க நேரம் இருக்கிறது. ஆனால் அந்த ருசி இல்லை.

வகுப்பில் உங்களுக்கு இரண்டு விதிமுறைகள் சொல்லித் தந்திருப்பார்கள். கூட்டாதே, குறைக்காதே என்பது ஒன்று. ‘நான்’ என்ற சொல் உனக்குச் சொந்தமில்லை என்பது மற்றது. நோயாளி “எனக்கு நோகுது” என்றால் நீங்களும் டொச்சில் “எனக்கு நோகிறது” என்றே சொல்ல வேண்டும். உங்கள் சொந்த வாயால் ஏதும் சொல்ல வேண்டி வந்தால், “மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்” என்று யாரோ மூன்றாம் ஆளைப்போலச் சொல்ல வேண்டும். முதல் கிழமை எனக்கு இது கண்டறியாத கூத்தாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகினதில்தான் வினை இருந்தது.

ஒருமுறை ஒரு ஐயாவிடம் டொக்டர், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். ஐயா மேலே கையைக் காட்டி, “எல்லாம் அவன் செயல்” என்றார். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். டொக்டர் பேனாவை எடுத்து, “மேல் வீட்டில் இருப்பவரா? அவருடைய தொலைபேசி எண் இருக்கிறதா?” என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! இப்படியான கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது நான் சிரிக்காத ஒரு கதை.

அதற்கு முன் கிரேக்கத்துக்காரியைச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது கூடியவள், கிரேக்க மொழிக்கு மொழிபெயர்ப்பாளர். எங்கள் இருவருக்கும் ஆஸ்பத்திரி நடைபாதையில் அடிக்கடி ஒரே நேரத்தில் காத்திருப்பு அமையும். கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை. அந்த மெஷின் கோப்பியைக் கொடுத்தாலும் தக்காளி சூப் மணம்தான் வரும். அவள் அதைக் குடித்துக்கொண்டு தன் நாட்டுப் பழைய நாடகங்களைச் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினதாம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தின சங்கதிகளை நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்ததுபோலச் சொல்லுவாள். ஒருநாள், “எங்கள் நாடகத்தில் மேடையில் யாரும் சாக மாட்டார்கள், தெரியுமா? உள்ளே செத்த பிறகு ஒருவன் வெளியே ஓடிவந்து நடந்ததைச் சொல்லுவான். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. வந்து சொல்லிவிட்டுப் போய்விடுவான். அது நாங்கள்தான்” என்று சொல்லி என் முழங்காலில் தட்டினாள். எங்கள் வேலைக்கு யாரும் கொடுத்த மரியாதைகளில் அதுதான் பெரியது.

இனிக் கதைக்கு வருகிறேன். இதில் வரும் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “என்ரை பேரைப் போடாதேங்கோ அன்ரி. துளசி எண்டு போடுங்கோ, அது வடிவு” என்றாள். அப்படியே ஆகட்டும்.

எம்மன்புரூக்கேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. துளசிக்கு அப்போது ஒன்பது வயது. தாய், தகப்பன், நடுவில் துளசி. எதிரே வகுப்பு ஆசிரியர், இளம் மனிதர், சட்டைத் தோளில் குழந்தை கக்கின பால் கறை. பக்கவாட்டில் நான்.

இந்த நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வகுப்பு முடிய ஆசிரியர் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து அனுப்புவார். துளசி அந்த வசந்த காலத்திலிருந்து அவருக்குக் கை கொடுப்பதில்லை. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். “நான் ஏதாவது பிழை செய்தேனோ என்று தெரியவில்லை. எனக்கு மகன் பிறந்த கிழமையிலிருந்து இப்படி” என்றார் அவர். பிறகு ஒரு படத்தை எடுத்து வைத்தார். துளசி கீறின படம். வீட்டுக்குள் அம்மாவும் அவளும். நடுவில் தண்டவாளம். அந்தப் பக்கத்தில் அப்பா.

“தகப்பன் வீட்டில் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

தகப்பன் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தார்.

“அக்கா, அவருக்குச் சொல்லுங்கோ. இவ பிறந்த நேரம் தகப்பனுக்குக் கண்டம் எண்டு ஊரிலை சாத்திரியார் எழுதி அனுப்பினவர். உயிருக்கு ஆபத்தாம். பன்ரண்டு வயசு மட்டும் ஒரே கூரைக்குக் கீழை இருக்கக்கூடாதாம். பிறந்த உடனை நான் இவவின்ரை முகத்தை எண்ணெய்ச் சட்டிக்குள்ளை நிழலாத்தான் பாத்தனான், நேரை பாக்கேல்லை. பிறகு ஷ்லீரனிலை இரவு வேலை எடுத்துக்கொண்டு போட்டன். ஞாயிற்றுக்கிழமை வந்திட்டுப் போறனான். எனக்குச் சாகப் பயமில்லை. நான் செத்தா இதுகள் ரெண்டையும் ஆர் பாக்கிறது?”

ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த மனிதன் ஒன்பது வருடம் பெண்சாதி பிள்ளையை விட்டுத் தனி அறையில் கிடந்தது அவர்களுக்காகத்தான்.

இப்போது என் முறை. ஆசிரியர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். எண்ணெய்க்குள் பார்த்ததை இந்த வெள்ளைக்காரனிடம் எப்படிச் சொல்வது? எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைக்க மாட்டானா? பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிப்போட்டால் இந்தக் குடும்பத்தின் கதி என்ன? தொழிற்சாலையில் என் குங்குமப் பொட்டைப் பார்த்து, நெற்றியில் இரத்தமா என்று சிரித்தவர்களின் முகமெல்லாம் வந்து போயிற்று. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கும் உள்ளுக்குள் சாத்திரத்துக்குப் பயம். என் மகனின் சாதகம் இன்றைக்கும் அலுமாரிக்குள் பட்டுத்துணி சுற்றி இருக்கிறது.

“எனக்கு ஷ்லீரனில் இரவு வேலை. தூரம் என்பதால் அங்கேயே அறை எடுத்திருக்கிறேன்” என்றேன் தகப்பனின் வாயாக, டொச்சில்.

ஆசிரியர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வேலை நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றார் தகப்பன். கை கொடுத்து எழும்பினார்கள். யாருக்கும் ஒரு நோவும் இல்லாமல் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. ரயிலில் ஒரு சொக்கிலேட் வாங்கித் தின்றேன் என்பதுகூட நினைவிருக்கிறது. வெட்கக்கேடு.

அடுத்த கிழமை கோப்பி மெஷினடியில் கிரேக்கத்துக்காரியிடம் இதைச் சொன்னேன், பெயர் ஊர் இல்லாமல். கெட்டித்தனம் என்று தோளில் தட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எங்களிடம் இதே கதை இருக்கிறது. ஒரு அரசனுக்குப் பிள்ளை பிறக்கிறது. இந்தப் பிள்ளையால்தான் உனக்குச் சாவு என்று தெய்வ வாக்கு. அரசன் பயந்து, பிள்ளையை மலையில் விட்டுவிட்டு வா என்று ஒரு இடையனிடம் கொடுக்கிறான். இடையனுக்குப் பாவமாக இருக்கிறது. விடாமல் வேறு ஊர்க்காரனிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறான். பிள்ளை, தான் யார் என்று தெரியாமல் வளர்கிறது. வளர்ந்தபின் அதே வாக்கு அவன் காதிலும் விழுகிறது. வளர்த்தவரைத் தகப்பன் என்று நினைத்து, அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஊரைவிட்டு ஓடுகிறான். ஓடின வழியில், யாரென்று தெரியாமல், பெற்ற தகப்பனைக் கொன்றுவிடுகிறான். இப்போது சொல்லு, யார் பிழை?”

“விதி. வேறென்ன?” என்றேன்.

“விதி!” அவளுக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. “விதி மட்டும்தான் என்றால் எங்கள் ஆட்கள் எதற்கு ஒரு நாடகம் எழுத வேண்டும்? ஒரு வரி போதுமே. விதி வாக்குச் சொன்னது, அவ்வளவுதான். ஓடினது யார்? ஒளித்தது யார்? அந்தக் கதையில் எல்லாரும் நல்லது நினைத்துத்தான் செய்தார்கள். அந்த இடையனைப் பார். அவனுக்கு உண்மை முழுக்கத் தெரியும். வருடக்கணக்காக வாய் திறக்கவில்லை. கடைசியில் அவன்...”

அந்த நேரம் பார்த்துத் தாதி கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டாள். அவள் கோப்பையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வருட முடிவில் பென்சன் எடுத்துத் தான் பிறந்த தீவுக்கும் போய்விட்டாள். இடையன் கடைசியில் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்க விருப்பமில்லை என்பதுதான் உண்மை.

தை மாதம் வந்தது. ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி. விபத்து, அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, குடும்பத்துக்கு விளக்க வேண்டும், உடனே வர முடியுமா? போனேன். நடைபாதைக் கதிரையில் ஒரு சிறுமி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு இருந்தாள். துளசி.

அன்று அவளுடைய பத்தாவது பிறந்தநாள். பள்ளிக்கூடம் போகமுன் மகளைப் பார்க்க வேண்டும் என்று தகப்பன் இரவு வேலை முடிந்த கையோடு, கேக் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஷ்லீரனிலிருந்து கார் ஓட்டியிருக்கிறார். வழியில் கண் அயர்ந்து, கார் தடுப்பில் போய் அடித்திருக்கிறது. இடுப்பும் காலும் உடைந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை. விழித்ததும் மகளைத்தான் கேட்டாராம். மகள் கதவு தாண்ட மாட்டேன் என்கிறாள்.

“உள்ளை வாருமன் பிள்ளை. அப்பா பாத்துக்கொண்டு இருக்கிறார்” என்றேன்.

“நான் போனா அப்பா செத்துப்போவார்.”

“ச்சீ, என்ன கதை இது? ஆர் உமக்குச் சொன்னது?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகுமட்டும் மறக்க மாட்டேன்.

“நீங்கள்தான் அன்ரி. அண்டைக்கு அப்பா பள்ளிக்கூடத்திலை சொன்னவர்தானே. நீங்கள் அதைச் சேருக்குச் சொல்லேல்லை. வேறை சொன்னனீங்கள். பெரிய ஆக்களுக்கே டொச்சிலை சொல்லேலாத அளவுக்கு நான் கூடாத பிள்ளை எண்டு அப்பதான் எனக்கு வடிவாத் தெரிஞ்சது.”

ஐயோ பிள்ளைகளே! இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஒரு ஆள் அந்த மேசையில் என்னைத் தவிர இருந்தது, அதுவும் நடுவில் இருந்தது, என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. குழந்தை பெற்ற தகப்பன் என்பதால் ஆசிரியரின் கையைக்கூட அவள் தொடவில்லை. அவருக்கும் ஏதும் ஆகிவிடும் என்று அந்தக் குஞ்சு மனம் பயந்திருக்கிறது. அந்தப் பயத்துக்கு முத்திரை குத்தியது நான்.

அதற்குள் டொக்டர் தாயுடன் வந்துவிட்டார். டொக்டர் நடுத்தர வயதுப் பெண், களைத்த கண். பிள்ளை ஏன் உள்ளே வர மாட்டேன் என்கிறாள் என்று கேட்டார். தாய் அழுதபடி எல்லாம் சொன்னாள். சாத்திரியார், கண்டம், எண்ணெய், பன்னிரண்டு வயது. இந்த முறை ஒன்றையும் விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டொக்டர், “இது வெளியில் யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார்.

தாய் சொன்னாள்: “பள்ளிக்கூடத்திலை அப்பவே சொன்னனாங்கள். அவை ஒண்டும் சொல்லேல்லை. அப்ப இவையும் இதைப் பிழையெண்டு நினைக்கேல்லை எண்டு விட்டிட்டம்.”

இருபத்தாறு வருடத்தில் என் காதில் விழுந்த வசனங்களில் இதுதான் பாரமானது. விழுங்கிவிட்டால் இரண்டாவது பொய். உள்ளபடி சொல்லி நிறுத்தினால், தெரிந்தும் சும்மா இருந்தார் என்று பழி முழுக்க அந்த ஆசிரியர் தலையில் விழும். மிச்சத்தையும் சொன்னால் என் வேலை போகும். டொக்டர் பேனாவுடன் நிற்கிறார். துளசி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று நொடி இருக்கும். எனக்கு மூன்று வருடம்.

தாயின் வசனத்தை முதலில் அப்படியே சொன்னேன். பிறகு மூச்செடுத்து, “அவர்கள் சொன்னது உண்மை. பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டது நான்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார் என்று தொடங்க வாய் வரவில்லை. வேலை நேரத்தில் நான் எனக்காக ‘நான்’ என்றது அந்த ஒருமுறைதான். தாய்க்கும் அதையே தமிழில் திருப்பிச் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

டொக்டரும் என்னைத் திட்டவில்லை. பேனாவைப் பையில் போட்டுவிட்டுத் துளசிக்கு முன் குந்தி, டொச்சில் கேட்டார்.

“உன் அப்பா நேற்று எத்தனை மணிக்கு எழும்பினார்?”

“மத்தியானம்.”

“பிறகு இரவு முழுக்க வேலை. பிறகு கார். அவ்வளவு நேரம் நித்திரை இல்லாவிட்டால் நானும் காரில் தூங்கிவிடுவேன். என் பிறந்தநாளிலும் உன் பிறந்தநாளிலும்.”

துளசி என் பக்கம் திரும்பினாள். “அன்ரி, டொச்சிலை சொல்லிப்போட்டியள்.”

“ஓம் பிள்ளை. முழுக்கச் சொல்லிப்போட்டன்.”

“டொக்டர் பயப்பிடேல்லை.”

“இல்லை. ஒரு சொட்டும் பயப்பிடேல்லை.”

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து தகப்பனின் குரல் வந்தது. எங்கள் கதை எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஷ்லீரனில் துடைப்பத்தோடு பொறுக்கின உடைந்த டொச்சில், எல்லாருக்கும் விளங்கட்டும் என்று, மெதுவாகச் சொன்னார்: “நான் நித்திரை இல்லை. நான் ஓடினது. நான் தூர வீடு எடுத்தது. பிள்ளை இல்லை. நான்.” மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

துளசி தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போய், கட்டிலுக்கு ஒரு அடி தள்ளி நின்று, பள்ளிக்கூட வாசலில் கொடுப்பதுபோல நேராகக் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் நடைபாதைக்கு வந்து கோப்பி மெஷினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து நன்றாக அழுதேன்.

எனக்கு நடந்ததையும் சொல்லத்தானே வேண்டும். அன்றைக்கே எனக்கு வேலை தரும் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று மாதம் ஒரு வேலையும் தரவில்லை. நியாயம்தான். ஆசிரியரிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், “அவள் நேற்று எனக்குக் கை கொடுத்தாள்” என்று மட்டும் சொன்னார். தகப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எம்மன்புரூக்கே வீட்டுக்குத்தான் போனார். பன்னிரண்டு வயது வரை காத்திருக்கவில்லை. ஆள் இன்றைக்கும் இருக்கிறார், குளிருக்குக் கால் நோகுது என்று புறுபுறுத்துக்கொண்டு. என்னைக் கண்டால் தேத்தண்ணி குடிக்காமல் போக விடமாட்டார். அந்த வீட்டுத் தேத்தண்ணியை வெட்கமில்லாமல் குடிக்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

போன கார்த்திகையில் சோலோதுர்ன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன், துளசி போன் எடுக்கிறாள். இப்போது கிம்னாசியத்தில், அதுதான் பல்கலைக்கழகத்துக்கு முந்தின மேல் பள்ளிக்கூடத்தில், படிக்கிறாள்.

“அன்ரி, எங்கடை கதையைக் கிரேக்கர் எப்பவோ எழுதி வைச்சிருக்கினம்! வகுப்பிலை வாசிக்கிறம். இண்டைக்குச் சேர் கேட்டவர், ஆர் பிழை எண்டு. கொஞ்சப்பேர் விதி எண்டிச்சினம், கொஞ்சப்பேர் ராசா எண்டிச்சினம். நான் இடையன் எண்டனான்.”

எனக்குச் சுருக்கென்றது. “அந்த மனுசன் பாவம் பாத்ததுதானே பிள்ளை?”

“பாவம் பாத்ததுக்கில்லை அன்ரி. தெரிஞ்சுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததுக்கு.”

ரயில் வருகிறது என்று ஒலிபெருக்கி சொல்லிற்று. கிரேக்கத்துக்காரி பாதியில் விட்டுப்போன இடம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் கேட்காமல் விட்டதை அன்றைக்குக் கேட்டேன்.

“கடைசியிலை அவன் என்ன செய்யிறான்?”

“கூப்பிட்டு விசாரிப்பினம். முதல் ஏலாது ஏலாது எண்டு நிப்பான். பிறகு எல்லாருக்கும் முன்னாலை உண்மையைச் சொல்லிப்போடுவான்.” “எனக்கு அந்த நாடகத்திலை அவனைத்தான் பிடிச்சது அன்ரி.”

ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று. நான் போனைக் காதில் வைத்தபடி பிளாட்போமிலேயே நின்றேன்.